வெள்ளவத்தையில் ஆறரை, இங்கே ஒன்பது

1

சனிக்கிழமைகளில் குளியலறை மருந்துப்பெட்டியைத் துப்புரவாக்குவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. திகதி முடிந்தவற்றைக் கடதாசிப் பையொன்றில் போட்டு, சந்தியிலுள்ள மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்த ஊரில் மருந்தைக் குப்பையில் எறியக்கூடாது. அதைச் சொல்லும் துண்டுப்பிரசுரத்தை நகரசபை தமிழிலும் அச்சிட்டு அனுப்பியிருந்தது. அந்தத் தமிழை விளங்கிக்கொள்ள நான் ஆங்கிலப் பக்கத்தைப் பார்க்கவேண்டியிருந்தது.

போன சனிக்கிழமை, இருமல் பாணிக்குப் பின்னால் ஒரு சின்னப் போத்தல் அகப்பட்டது. மெலடோனின். செர்ரிச் சுவை. அரைவாசிக்கு மேல் குளிசைகள் அப்படியே கிடந்தன. அடுத்து வந்த செவ்வாய்க்கிழமையோடு மகள் ஆரபிக்கு முதுகெலும்பில் சத்திரசிகிச்சை நடந்து ஒரு வருடம் என்பது எனக்கு நினைவில் இருந்தது. இந்தப் போத்தல்தான் நினைவில் இருக்கவில்லை.

போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு குளியல்தொட்டி விளிம்பில் கொஞ்ச நேரம் இருந்தேன். எனக்கு முதலில் நினைவு வந்தது ஆரபியின் முகமல்ல. வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்காவின் முகம்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். பிறகு குடும்பமாக வெள்ளவத்தைக்கு வந்தோம். இருபத்தெட்டு வயதில் ரொறன்ரோவுக்கு வந்தேன். இத்தனை வருடமும் நாட்குறிப்பு எழுதிவந்தும் போன வருடத்தைப் பற்றி ஒழுங்காக எழுதிமுடிக்கவில்லை. அங்கே, கொழும்பில் இருக்கிறவர்கள் வாசிப்பதற்காக இப்போது எழுதுகிறேன். உங்களில் பலருக்கு இங்கே ஒரு தம்பியோ மருமகளோ இருப்பார்கள். காலையில் எழுந்ததும் அவர்களைக் கைபேசியில் தேடுகிற பழக்கமும் இருக்கும்.

2

ஆரபிக்கு அப்போது பதினைந்து வயது. வளர்கிற வேகத்தில் அவளுடைய முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்துகொண்டு போனது. முதலில் கண்டது என் மனைவி சுகந்தி. ஒரு கல்யாணத்துக்குச் சட்டை தைக்க அளவெடுத்தபோது ஒரு தோள் மற்றதைவிட உயர்ந்து நின்றதாம். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் கவசம் ஒன்றை அணிவித்துப் பார்த்தோம். வளைவு நிற்கவில்லை. கடைசியில், கம்பியும் திருகாணியும் வைத்து நிமிர்த்துவதென்று முடிவானது.

காலையில் உள்ளே கொண்டுபோனவளைப் பின்னேரம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். எல்லாம் நன்றாக நடந்தது. சத்திரசிகிச்சையை நினைத்து மாதக்கணக்காகப் பயந்திருந்தோம். அதற்குப் பிறகு நித்திரைதான் பெரிய பிரச்சினையாகும் என்று எங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் நோ மருந்தின் மயக்கத்தில் பகல் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தபிறகும் அதே பழக்கம் தொடர்ந்தது. பகலில் சோபாவில் அரைமயக்கம். இரவில் முகட்டைப் பார்த்தபடி விழிப்பு. நித்திரை இல்லாத நாளில் நோ இரட்டிப்பாகும். நோ கூடினால் நடைப்பயிற்சிக்கு எழும்பமாட்டாள். நடக்காவிட்டால் அன்றிரவும் நித்திரை வராது. சுகந்தி தாழ்வாரத்தில் நின்று, "சாமிப்படம் மட்டுக்கும் நடந்திட்டு வா, பிள்ளை" என்று கெஞ்சுவாள். ஆரபி சுவரைப் பிடித்தபடி பாதியில் நின்று அழுவாள். சிணுங்காத பிள்ளை. அது அழுததைப் பார்ப்பது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்திலிருந்து தினமும் ஒரு இயந்திரக் குரல் தொலைபேசியில் வரும். எங்கள் குடும்பப் பெயரை மூன்று துண்டாக உடைத்து உச்சரித்து, உங்கள் பிள்ளை இன்று முதலாம் பாடத்துக்கு வரவில்லை என்று சொல்லும். வைத்தியரின் கடிதத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தோம். அந்தக் கடிதம் ஒரு பிரிவுக்குப் போயிருக்கிறது, வரவுப் பதிவு வேறு பிரிவு என்றார்கள். பிரதியை அங்கேயும் கொடுத்தேன். இயந்திரத்துக்கு அது தெரியவில்லை. இப்படியே போனால் ஆரபி அந்த வகுப்பைத் திரும்பவும் படிக்கவேண்டி வரும் என்று ஆலோசகர் மெல்லிய குரலில் சொன்னார்.

சத்திரசிகிச்சைப் பிரிவின் தாதி, எங்களோடு எப்போதும் பொறுமையாகக் கதைக்கும் ஒரு உயரமான பெண், மெலடோனினைப் பற்றிச் சொன்னது அப்போதுதான். எல்லாருக்கும் வேலை செய்யும் என்று அவர் சொல்லவில்லை. சில வாரங்களுக்குச் சிறிய அளவில் கொடுத்துப் பார்க்கலாம், மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று தாங்கள் பார்த்துவிட்டோம், அளவை நீங்களாகக் கூட்டவேண்டாம் என்றார். இது ஆளை அடித்துப்போடும் மருந்தல்ல. இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் ஒரு செய்தி மட்டும். செய்தி போன பிறகு அறையும் இரவுபோல இருக்கவேண்டும். வெளிச்சம் வேண்டாம், கைபேசி வேண்டாம்.

நான் அதை எழுதிக்கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். எட்டரைக்குக் குளிசை. ஒன்பதுக்குப் பிறகு திரை இல்லை.

கடையில் அந்தப் போத்தல் விட்டமின் தட்டில், யாரும் கையை நீட்டி எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தது. கொழும்பில் நித்திரைக்கு மருந்து கேட்டுப் போனால், வைத்தியரின் துண்டையும் பார்த்து முகத்தையும் பார்ப்பார்கள். இங்கே காசாளர் பிள்ளை பில்லை நீட்டி, நல்ல நாளாக அமையட்டும் என்றது.

3

என் அக்கா செல்வராணி வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடிவீட்டில் தனியாக இருக்கிறா. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவ. ஆரபிக்கு ராணி மாமி.

எனக்குப் பதின்மூன்று வயதில் ஜிந்துப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஒப்பரேஷன் செய்து பெரிய வாட்டொன்றில் போட்டிருந்தார்கள். பார்வையாளர் நேரம் மத்தியானம். ஆனால் நான் ஒவ்வொரு நாளும் காலையில் கண் விழிக்கும்போது அக்கா கட்டில் பக்கத்தில் நிற்பா. வேலைக்குப் போகும் சேலையோடு, நெற்றியில் திருநீறோடு, ஒரு கையில் தேநீர்ப் போத்தல், மற்றக் கையில் இடியப்பப் பொட்டலம். வாசல் காவலாளியை மல்லி என்று, தம்பி முறை சொல்லிக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ கதைத்து உள்ளே வந்துவிடுவா. என்ன சொன்னீர்கள் என்று பின்னொரு காலம் கேட்டேன். அந்த ஆளுடைய தாயின் சுகம் விசாரித்ததாகச் சொன்னா. அவ்வளவுதானாம்.

அக்காவுக்கு ஒரு நியாயம் இருந்தது. நோயாளி எழும்பும்போது சொந்த முகம் ஒன்று தெரியவேண்டும். இல்லாவிட்டால் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடும். இன்னுமொன்று: நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது.

ஆரபி வீட்டுக்கு வந்த மறுநாளே ராணி மாமியின் வரவு தொடங்கியது. கைபேசியில்தான். ஆனால் எங்கள் வீட்டில் எல்லாரும் அதை வரவு என்றே சொன்னோம். அக்கா விடியக் கோயிலுக்குப் போய்விட்டு, ஆறரைக்கு வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் முன்விறாந்தைக் கதிரையில் இருந்து அழைப்பெடுப்பா. அங்கே ஆறரை என்றால் இங்கே முதல்நாள் இரவு ஒன்பது. அக்காவுக்கு நேர வித்தியாசம் தெரியாமல் இல்லை. கப்பல் கம்பனியில் உலகத்துத் துறைமுகங்களின் நேரமெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவ. நோயாளியைப் பார்க்கப் போகும் நேரம் காலை. அதில் மாற்றமில்லை. அவ்வளவுதான்.

வெறுங்கையோடு வரமாட்டா. ஒருநாள் செவ்விளநீர். ஒருநாள் பப்பாசிப்பழம். ஒருநாள் ஒழுங்கை முனைக் கடையில் வாங்கிய பாலப்பம். எல்லாவற்றையும் கைபேசிக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக் காட்டுவா.

"இது ஆருக்கு, மாமி?"

"உனக்குத்தான். நீ நல்லாச் சுகமாக வேணுமெண்டு உன்ரை பேரிலை நான் சாப்பிடுறன்."

"அப்ப நான் சுகமாக, நீங்கள் கொழுக்கப்போறியள்."

"கொழுத்தால் என்ன? எனக்கு இனி மாப்பிள்ளை பாக்கப் போகினமோ?"

ஆரபி சிரிப்பாள். சிரித்தால் முதுகு வலிக்கும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிப்பாள். நடுவில் கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் வரும். சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அக்கா கையை உயர்த்திப் பொறு என்று காட்டுவா. அங்கேயும் இங்கேயுமாக இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ரயில் போய் முடியும்வரை காத்திருப்பார்கள். ஆரபியின் தமிழ் பாதியில் ஆங்கிலத்துக்குள் இறங்கிவிடும் தமிழ். எங்களோடு ஒரு வசனத்தை முடிப்பதே அபூர்வம். மாமியோடு மட்டும் முழு வசனமாகக் கதைத்தாள்.

அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த ஒரு நேரத்தில்தான். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் நான் ஒட்டியதை நானே பார்க்காததுபோலக் கடந்து போனேன்.

4

ஒருநாள் ஆரபி மாமியிடம், தான் நித்திரைக்கு ஒரு குளிசை எடுப்பதாகச் சொல்லிவிட்டாள். அழைப்பு முடிந்ததும் அக்கா எனக்கு எடுத்தா. குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பி, பிள்ளைக்கு நித்திரைக் குளிசை குடுக்கிறியளோ?"

"அது அந்தக் குளிசை இல்லை, அக்கா. விட்டமின் மாதிரி. கடையிலை சும்மா விக்கிறாங்கள்."

"சும்மா விக்கிறாங்களெண்டால் இன்னும் பயம்."

அக்காவைக் குறை சொல்லமுடியாது. நித்திரைக் குளிசை என்ற சொல்லை எங்கள் ஆட்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அதைக் கேட்டால் நித்திரையல்ல, சாவுதான் ஞாபகம் வரும். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையிலேயே அந்தச் சொல்லோடு கதவு சாத்திக்கொண்ட வீடொன்று இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை அக்காவோடு படித்தது. நான் மெலடோனினை விளங்கப்படுத்தி முடிக்கும்வரை அக்கா கேட்டா. கடைசியில் சொன்னா: "சரி. நான் கதைச்சு நித்திரையாக்கிறன். நீ குளிசையை மெல்ல மெல்ல நிப்பாட்டு."

அதன்பிறகு வரவு நீண்டது. முன்பு ஒரு ரயில் போகும் நேரத்துக்குள் முடிந்த கதை இரண்டு, மூன்று ரயில்களுக்கு நீண்டது. அக்கா கப்பல் கதைகள் சொன்னா. கோயில் யானை சாலையில் படுத்துக்கொண்டு பஸ்களை மறித்த கதை சொன்னா. வாட்டில் நான் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே ஒளிந்ததையும் விடவில்லை. ஆரபி எட்டரைக்குக் குளிசையை நாக்கின் கீழ் வைப்பாள். கண் சொருகும். ஒன்பதுக்குக் கைபேசி ஒளிரும். வெள்ளவத்தையின் காலை வெயில் முழுவதும் அவளுடைய முகத்தில் வந்து விழும். மாமி விடைபெறும்போது கண்ணில் நித்திரையின் அடையாளமே இருக்காது. மற்றநாள் சோபாவில் மயக்கம், தாழ்வாரத்தில் அழுகை, பள்ளிக்கூடத்து இயந்திரக் குரல்.

பிள்ளை நித்திரை கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டால் அக்கா இன்னும் அதிக நேரம் இருந்தா. இதைவிட வேறு எப்படிச் செய்வா? தனியே கிடந்தால் பயத்தில் நித்திரை வராது என்பது அக்காவுக்குத் தெரிந்த வைத்தியம். அது எனக்குப் பலித்த வைத்தியமும்கூட.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது நான் தாதியிடம், குளிசை வேலை செய்யவில்லை, கூடிய அளவில் தரமுடியுமா என்று கேட்டேன். அவர் ஆரபியைப் பார்த்து, குளிசை எடுத்ததற்கும் விளக்கை அணைப்பதற்கும் இடையில் என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

ஆரபி என்னைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில், தன் மாமி பார்க்க வருவா என்றாள். பின்னேரம் வரச்சொல்லலாமே என்றார் தாதி. அது முடியாது, அவவுக்கு அப்போது காலை, கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவ என்று ஆரபி விளக்கினாள். தாதிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரிக்கவில்லை. உனக்குக் கிடைத்திருக்கும் நல்ல மருந்துகளில் அவரும் ஒருவர் என்று நினைக்கிறேன், ஆனால் அந்த நேரத்தில் வேண்டாம் என்றார். அளவைக் கூட்டத் தேவையில்லை. செய்தி சரியாகத்தான் போகிறது. போன பிறகு நீங்கள் ஒரு சூரியனைக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறீர்கள்.

திரும்பி வரும்போது காரின் பின் ஆசனத்திலிருந்து ஆரபி சொன்னாள்: "அப்பா, மாமிக்குச் சொல்லாதேங்கோ. அவ எனக்காகச் சாரி கட்டிக்கொண்டு வாறவ."

நான் கண்ணாடியில் பார்த்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

சொல்லத்தான் வேண்டியிருந்தது. சுகந்தி, "உங்கடை அக்கா. நான் சொன்னால் மச்சாள் சொன்னதாகிப் போயிடும். நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதினேன். எழுதினால் எதையும் ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்பது என் நம்பிக்கை.

வாட்டுப் பலகையில் இருப்பதுபோல எழுதினால் அக்கா சிரிப்பா என்று நினைத்தேன். பார்வையாளர் நேரம் மாற்றப்பட்டுள்ளது என்று தொடங்கினேன். புதிய நேரம்: இங்கே காலை ஒன்பது, உங்களுக்குப் பின்னேரம் ஆறரை. இரவில் வெளிச்சம் பட்டால் நித்திரை குழம்புகிறது, நித்திரை குழம்பினால் முதுகு நோகிறது என்று வைத்தியசாலையில் சொல்கிறார்கள். அதனால் இந்த மாற்றம். அன்புடன் தம்பி.

அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது. "ஓம் தம்பி, விளங்குது."

அன்றிரவு ஒன்பதுக்கு ஆரபி கைபேசியை எடுத்துத் தாழ்வாரத்து மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அது ஒளிரவில்லை. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் சில நாட்களில் விடியும்வரை தொடர்ந்து நித்திரை கொள்ளத் தொடங்கினாள். பகல் மயக்கம் விட்டது. சாமிப்படத்தைத் தாண்டி, படியிறங்கி, தெருமுனைவரை நடந்தாள். பள்ளிக்கூடத்துக்கு முதலில் அரைநாள், பிறகு முழுநாள். இயந்திரக் குரல் நின்றது. குளிசையும் தானாக நின்றது. அந்த வருடம் அவளுக்கு வீணாகவில்லை.

அந்தச் செய்தியை நான் பிழையென்று சொல்லமாட்டேன். பிள்ளையின் முதுகு ஒரு பக்கம், அக்காவின் மனம் மறுபக்கம் என்றால் இன்றைக்கும் அதையேதான் எழுதுவேன். அதுதான் இதில் எனக்கு ஆறுதல் தராத பகுதி.

அக்கா புதிய நேரத்தில் வந்தா. முதல் நாட்களில் ஒழுங்காக வந்தா. ஆனால் அது வேறு ஆள் வந்ததுபோல இருந்தது. பின்னேரம் ஆறரைக்கு அடுப்பில் உலை இருக்கும். வீட்டுச் சட்டையோடு குசினியில் நின்று கதைப்பா. நெற்றியில் காலைத் திருநீறு அழிந்திருக்கும். கையில் பழம் இல்லை. ஆரபி பாண் துண்டோடு, அரைநாள் பள்ளிக்கூடத்துக்குப் பையைத் தேடிக்கொண்டு, "ஓம் மாமி, ஓகே மாமி" என்பாள். பிறகு அக்கா எடுப்பதற்கு முன் எனக்கு ஒரு செய்தி போடத் தொடங்கினா: பிள்ளை நித்திரையோ? இல்லை என்று நான் பதில் போட்டால்தான் அழைப்பு வரும். நான் வேலையில் கவனிக்காமல் விட்டால் வராது. மெல்ல மெல்ல அந்தச் செய்தியும் குறைந்தது. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், "பிள்ளை படிக்கிற நேரம். ஏன் கரைச்சல்" என்பா.

ஆரபியும் தன் சிநேகிதிகளுக்குள் திரும்பிப் போனாள். அவள் முழு வசனமாகத் தமிழ் கதைத்து நான் கேட்டு நாளாகிவிட்டது.

6

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகுமுன் அக்காவுக்கு எடுத்தேன். குரல் அழைப்புத்தான், காணொளியை அக்கா திறப்பதில்லை.

"அக்கா, இண்டைக்கு ஆரபிக்கு ஒரு வருஷம்."

"தெரியாதே எனக்கு? விடியக் கோயிலிலை அருச்சனை செய்விச்சனான். ஓட்டோவிலைதான் போனனான், நடக்கக் கஷ்டமாயிருந்தது."

"ஏன் கஷ்டம்?"

"தையல் வெட்டிக் கொஞ்ச நாள்தானே."

"என்ன தையல்?"

ரயில் வந்தது. போகும்வரை இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். அவ்வளவு நீளமான ரயில் அந்தப் பாதையில் ஓடுவதை நான் கேட்டதில்லை.

"பித்தப்பையிலை கல்லு. எடுத்துப்போட்டினம். ஒண்டுமில்லை. கீழ்வீட்டு ரீச்சர்தான் வந்து கையெழுத்து வைச்சவ."

"எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?"

"விடியக் கொண்டுபோனவை, தம்பி. அங்கை உங்களுக்கு ராத்திரி. சொல்லியிருந்தால் பிள்ளை முழிச்சிருக்கும். நித்திரை குழம்பினால் முதுகு நோகுமெண்டு நீதானே எழுதினனி."

அதில் குத்தல் இல்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒரு கப்பல் ஏன் இந்தத் துறைமுகத்தில் நிற்கவில்லை என்று விளக்குவதுபோல அக்கா விளக்கினா.

நான் கேட்டேன்: "கண் முழிக்கேக்கை ஆர் பக்கத்திலை நிண்டது?"

"ஒரு நேர்ஸ்பிள்ளை நிண்டது. சிங்களப் பிள்ளை. அம்மே எண்டு கூப்பிட்டது. நல்ல பிள்ளை." பிறகு, "உனக்கு வேலைக்கு நேரமாகேல்லையே?" என்றா.

வேலையிடத்தில் மதிய இடைவேளையின்போது, போன வருடம் நான் அனுப்பிய செய்தியை எடுத்துத் திரும்ப வாசித்தேன். பிழை ஒன்றும் இல்லை. நேரங்கள் சரி. காரணம் சரி. நீங்கள் வந்ததால்தான் பிள்ளை அந்த வாரங்களைக் கடந்தாள் என்று ஒரு வரி அதில் இல்லை. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எழுதத் தோன்றவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது சுகந்திக்கும் ஆரபிக்கும் சொன்னேன். சுகந்தி கரண்டியை வைத்துவிட்டாள். மச்சாள் ஆஸ்பத்திரியில் தனியாகப் போய்ப் படுத்தாவோ என்று மட்டும் கேட்டாள். ஆரபி தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனாள். கோபமாக்கும் என்று நினைத்தேன்.

ஒன்பதுக்கு இறங்கி வந்தாள். குளித்திருந்தாள். கோயிலுக்குப் போகும்போது போடுகிற சுடிதாரைப் போட்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு தோடம்பழத்தை எடுத்தாள். கதவில் என் எழுத்து இன்னும் ஒட்டியிருக்கிறது: ஒன்பதுக்குப் பிறகு திரை இல்லை. அவள் அதைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையில் முதுகை நேராக வைத்து இருந்து, காணொளி அழைப்பைப் போட்டாள்.

அக்கா எடுக்க நேரமெடுத்தது. முகம் தெரிந்தபோது தலை கலைந்திருந்தது. படுக்கையிலிருந்து எழுந்து வந்திருக்கவேண்டும். கன்னம் ஒட்டியிருந்தது. நான் ஒரு பக்கமாகத் தள்ளி நின்றதால் என்னை அவவுக்குத் தெரிந்திருக்காது.

"என்ன பிள்ளை? ஏன் இந்த நேரம் முழிச்சிருக்கிறாய்? முதுகு நோகுதோ?"

"இல்லை மாமி. உங்களைப் பாக்க வந்தனான்."

ஆரபி தோடம்பழத்தைத் தூக்கிக் காட்டினாள். அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தா.

"அது ஆருக்கு?"

"உங்களுக்குத்தான். உங்கட பேரிலை நான் சாப்பிடுறன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தவுடன் வயிற்றைக் கையால் பொத்திப் பிடித்தா. "தலாணியைப் பிடிச்சுக்கொண்டு சிரியுங்கோ, மாமி. அப்ப நோகாது" என்றாள் ஆரபி. அக்கா முகத்தைத் திருப்பி யன்னல் பக்கம் பார்த்தா. ரயில் வரும் சத்தம் கேட்டது. ஆரபி கையை உயர்த்திப் பொறுக்கச் சொல்லிக் காட்டினாள். ஆனால் அக்கா பொறுக்கவில்லை. சத்தத்துக்குள் ஏதோ சொன்னா. போய்ப் படு என்று வாயசைவில் தெரிந்தது. ரயில் போய் முடியுமுன் திரை இருண்டுவிட்டது.

ஆரபி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். தோடம்பழத்தை உரித்து, ஒரு சுளையை எனக்கு நீட்டினாள்.

"நாளைக்கும் போவன்" என்றாள்.

படுக்கிற நேரம் என்று சொல்ல வாயெடுத்தேன். சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.